கன்னத்தில் திறந்த கண்கள்

குகை விகாரையின் கூரைப் பாறையிலிருந்து நீர் சொட்டுச் சொட்டாகப் பானைக்குள் விழுகிறது. தாமரைத் தட்டுடன் வந்த ஹீன்மெனிக்கே திகைத்து நிற்கிறாள். சுவரோவியத்தைப் பழுதுபார்க்க வந்த இனோகா, மூங்கில் சாரத்தின் மேல் உட்கார்ந்து பஞ்சால் துடைத்துக்கொண்டிருக்கிறாள். கண்டி அரசர் காலத்துச் சிவப்புப் பூச்சு உரிந்த இடத்தில், புத்தரின் கன்னத்தில் இன்னொரு சோடிக் கண்கள். மேலே இருப்பவை எப்போதும்போல வாசலைப் பார்க்கின்றன. கன்னத்துக் கண்களோ தாழ்ந்து இடது மூலையைப் பார்க்கின்றன. அது ஹீன்மெனிக்கேயின் மூலை. புத்தரின் பார்வை படாத இடமென்று தேடிப்பிடித்து, காணியைப் பிடுங்கிக்கொண்ட தன் அக்காவை இருபது வருடமாக அங்கே உட்கார்ந்துதான் சபித்தாள். போன மாதம் அக்கா செத்தும் போனாள்.

“இது எப்ப வந்திச்சு நோனா?” என்று சாரத்தில் இருப்பவளை அண்ணாந்து கேட்கிறாள்.

“வரல்ல அக்கா. இதுதான் முதல்ல வரைஞ்சது. மேல இருக்கிறது பிறகு பூசினது.”

“அப்ப பூச்சுக்குள்ள இருந்து... பாத்திருக்குமா?”

இனோகா சிரிக்கிறாள். “கண் திறக்கிற சடங்கு செஞ்சுதானே வச்சிருப்பாங்க. திறந்த கண்ணு திறந்ததுதான் அக்கா.”

தட்டை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பழகிய கால்கள் அந்த மூலைக்கே போகின்றன. பாதி வழியில் நின்று, பூக்கள் கொட்டுவதுகூடத் தெரியாமல், தட்டைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்கிறாள் ஹீன்மெனிக்கே.