பிரிக்காத லட்டு

விபத்தில் அடிபட்டு ஐசியூவில் கிடந்தார் நல்லசிவம். மனைவி கோயிலிலிருந்து கொண்டுவந்து தலைமாட்டில் வைத்த லட்டை சுகர் மெஷின் முறைத்தது.

"இருநூற்றுத் தொண்ணூறு. சுகரே இல்லாத மனுஷன். எல்லாம் உன் வேலைதானே?"

"என்னை இன்னும் பிரிக்கவே இல்லையே," என்றது லட்டு.

"என்னைப் பாருங்க. துடிப்புக்குத் துடிப்பு இம்மி பிசகாது," என்று பீற்றிக்கொண்டது இதய மானிட்டர்.

டாக்டர் இரண்டு மெஷின்களையும் பார்த்து முகம் சுளித்தார். "உடம்பு மிரண்டுபோய்க் கிடக்கு. அதான் சர்க்கரையும் ஏறுது, இதயமும் விறைச்சுப்போய் ஒரே சீரா அடிக்குது."

மூன்றாம் நாள் நல்லசிவம் கண் விழித்து மனைவியைப் பார்த்தார். துடிப்புகளின் இடைவெளி கொஞ்சம் கூடியது, கொஞ்சம் குறைந்தது. மானிட்டருக்கு ஒரே வெட்கம்.

டாக்டரோ சிரித்தார். "இறுக்கம் விட்டிருச்சு. நல்ல இதயம் இப்படித்தான் லேசா ஏறி இறங்கி அடிக்கும்." சர்க்கரையும் இறங்கியிருந்தது.

சுகர் மெஷின் லட்டிடம் மன்னிப்புக் கேட்டது.

"அது கிடக்கட்டும். அவர் என்னைத் தின்னும்போது நீ அந்தப் பக்கம் திரும்பிக்கோ," என்றது லட்டு.