படத்தில் ஒரு பந்தல்

மலைக்கோயில் கோபுரம் பெயர்ந்துபோய்ப் படிக்கட்டின்மேல் நின்றது. திருத்தணி ரயில் நிலையம் தண்டவாளத்தில் ஏறி உட்கார்ந்திருந்தது. குளக்கரை மண்டபம் பாதி தண்ணீருக்குள் கிடந்தது.

"ஊரே நாசமாப் போச்சுடா," என்று தலையில் கை வைத்தான் கிரிதர்.

"பழைய படத்த எடுத்துட்டுப் புதுசு போட்டிருக்கானுங்க மச்சான். அதுக்கு ஏன் இப்படி ஒப்பாரி வெக்கிற?" என்று சிரித்தான் தன்வீர். அரக்கோணத்தில் பிரவுசிங் சென்டர் நடத்தும் தன்வீர், கிரிதரின் மனைவி ஆலிமாவின் தம்பி.

விஷயம் இதுதான். இணைய வரைபடத்தில், வானத்திலிருந்து எடுத்த படத்தின்மேல் திருத்தணிக் கட்டடங்களை ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் கட்டி நிறுத்தியிருந்தான் கிரிதர். அடியில் இருந்த படம் மாறியதும் எல்லாமே ஒரு வீட்டு அகலம் தள்ளிப் போய்விட்டன. இனி கட்டியவன்தான் ஒவ்வொன்றையும் பிடித்து இழுத்து, அதனதன் இடத்தில் உட்கார வைக்க வேண்டும்.

பக்கத்து ஊர்தானே, நேரில் போய்ப் பார்த்துவிட்டு வரக்கூடாதா? வரக்கூடாது. போன வருஷம் ஆலிமாவைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டதிலிருந்து, நைனா நீலமேகம் கூப்பிடாமல் திருத்தணி மண்ணை மிதிப்பதில்லை என்று வைராக்கியமாக இருந்தான். அவர் பெற்ற பிள்ளைக்கு அவர் ரோஷம் இல்லாமல் போகுமா?

ஆனால் ஒரு நாள் அவர் கூப்பிட்டுத்தானே ஆக வேண்டும்? தங்கை சாய்லக்ஷ்மி கல்யாணத்தில் பொரி போட அண்ணன் வேண்டுமே. "நீ என் கையில பொரி போடாம நான் யாருக்கும் கழுத்த நீட்ட மாட்டேண்ணா," என்று அவளே சொல்லியிருந்தாள். அந்த வீட்டிலிருந்து வாரா வாரம் திருட்டுத்தனமாகப் போன் செய்பவளும் அவள் ஒருத்திதான். அந்தச் சொல்லை நம்பித்தான் இவன் காத்துக்கொண்டிருந்தான்.

கோபுரத்தை இழுத்துச் சரியாக நிறுத்தியதும் முகம் மலர்ந்தது. "இங்க பாரு, படி முழுக்க மஞ்சளா தெரியுது. ஓரத்துல தேதியும் போன வருஷத்து ஆடின்னு போட்டிருக்கு. ஆடிக் கிருத்திகைக் கூட்டம்டா. அடிவாரத்துல எங்க நைனா கடையில காவடி வித்துகினு இருப்பாரு."

கடைசியாகத் தன் வீட்டைப் பிடித்து இழுத்தான். வீடு கச்சிதமாக உட்கார்ந்தது. ஆனால் வாசலில், தெருவையே அடைத்துக்கொண்டு பச்சையாக என்னவோ நீண்டிருந்தது.

"என்னா மச்சான் அது?"

"தென்னங்கீத்து." கிரிதர் படத்தை இன்னும் பெரிதாக்கினான். "பந்தல் போட்டிருக்காங்க."

"கல்யாண வீடா?" என்று யதார்த்தமாகக் கேட்டுவிட்டுத் தன்வீர் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

கிரிதர் கணக்குப் போட்டுப் பார்த்தான். போன ஆடி என்றால், இவன் கல்யாணம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. இவன் சங்கதி நாலு ஊருக்குத் தெரிவதற்குள் அவசர அவசரமாகத் தங்கையைக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். அவளும் "இன்னும் மாப்ள பாத்துகினுதான் இருக்காங்கண்ணா" என்று ஒரு வருஷமாகக் கூசாமல் கதை விட்டிருக்கிறாள். நைனா செய்தால் கோபத்தில் செய்தார் என்று விடலாம். இவளுமா?

வைராக்கியமாவது ஒன்றாவது. திருத்தணி பஸ்ஸைப் பிடித்து, இறங்கிய வேகத்தில் சாய்லக்ஷ்மி வேலை செய்யும் ஜெராக்ஸ் கடையில் போய் நின்றான். கழுத்தைச் சுற்றித் துப்பட்டா போட்டிருந்தவள் அவனைக் கண்டதும் எழுந்துவிட்டாள்.

"அண்ணா, நீயா? ஊருக்குள்ளயே வரமாட்டேன்னியே?"

"உன் புருஷனப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"என்னாண்ணா சொல்ற?"

"நடிக்காத சாயி. போன ஆடிக் கிருத்திகைக்கு நம்ம வாசல்ல பந்தல். வானத்துல இருந்து எடுத்த படத்துல தெளிவா இருக்குது. உன் கையில பொரி போட எவனப் புடிச்சீங்க?"

அவள் முகம் வெளுத்துப் போயிற்று. துப்பட்டாவை விலக்கிக் காட்டினாள். கழுத்தில் பழைய பாசிமணிதான் கிடந்தது, தாலி இல்லை.

"ஆடி மாசத்துல யாருண்ணா கல்யாணம் பண்ணுவாங்க?"

கிரிதர் திருதிருவென்று விழித்தான். அட, சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரிந்த சங்கதி, கோபத்தில் தோன்றாமலே போய்விட்டதே. போன உயிர் திரும்பி வந்ததுபோல் இருந்தது அவனுக்கு.

"லூசு மாதிரி ஓடியாந்துட்டேன் பாரு. என் தங்கச்சி என்னை ஏமாத்துவாளா?" என்று அசடு வழிந்தான். "ஆமா, அப்போ அந்தப் பந்தல் எதுக்கு?"

அவள் ஜெராக்ஸ் மெஷினின் மூடியைத் திறந்தாள், மூடினாள்.

"கிருத்திகைன்னா நைனா கடைய வுட்டு நகர மாட்டாரே. வீட்டுல என்னா விசேஷம்?"

"அன்னிக்குக் கடையே தொறக்கலண்ணா. மொட்டை போட்டுகினு வீட்டுல உக்காந்திருந்தாரு."

"மொட்டையா? முருகனுக்கு வேண்டுதலா?"

இல்லை என்று தலையாட்டினாள். கண் நிறைந்து வழிந்தது.

"கேக்காதண்ணா. யாராச்சும் பாக்கறதுக்குள்ள போயிடு."

"சொன்னாத்தான் போவேன். யாருக்குடி அந்தப் பந்தல்?"

அவள் அவன் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்:

"உனக்குக் கருமாதி பண்ணோம்ணா."