உதிரத்தில் கலந்த பிட்டு

"அந்நிய மண்ணில் ஒரு கவளம் உண்டவன், அந்த மண்ணின் பிள்ளையாகிறான்."

இருபத்திரண்டு நாடுகளில் கவளம் உண்டு இருபத்திரண்டு மண்ணுக்கும் பிள்ளையான பயணச் செம்மல் இளம்பரிதி, சென்னையிலிருந்து கனடாவின் மொன்றியல் வந்து, இமெல்டாவின் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியபடி இதைச் சொன்னார். சொல்லி முடித்ததும், பாத்ரூம் எந்தப் பக்கம் என்று கேட்டார்.

நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் அந்தச் சின்ன அப்பார்ட்மெண்டில் அவருக்கு ஐந்து நாள் தங்கல். ஞாயிறன்று மாதா கோயில் மண்டபத்தில் பேச்சு. பிறகு அவர் எழுதப்போகும் புத்தகத்தில் மொன்றியலுக்கு ஒரு அத்தியாயம். போன வருடம் வந்த பேச்சாளருக்குச் சோறு போட்ட றோசா, இன்றுவரை அதைச் சொல்லிக்கொண்டு திரிகிறாள். இந்த முறை இமெல்டாவின் பெயர் அச்சில் ஏற வேண்டும்.

முதல் நாளே சிவப்பரிசி மாப் பிட்டும் நண்டுக் கறியும் வைத்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா. ரூம்ல தனியா உக்காந்து ருசிச்சாத்தான் எனக்கு எழுத்து வரும்," என்றார் செம்மல்.

பத்து நிமிடத்தில் தட்டு திரும்பி வந்தது. ஒரு பருக்கை இல்லை. பாத்ரூமில் அவரே கழுவியும் கொண்டுவந்திருந்தார்.

"பாத்தியளே, எவ்வளவு பெரிய மனுசன். தன்ர தட்டைத் தானே கழுவுறார்," என்றாள் இமெல்டா புருஷனிடம்.

"நானும் இருபது வருசமாக் கழுவுறன். என்னை ஒருத்தரும் செம்மல் எண்டு சொல்லேல்லை," என்றார் ஞானேந்திரன், டிவியில் ஐஸ் ஹாக்கி பார்த்தபடி.

யாழ்ப்பாணத்து வீடுகளில் வெறுந்தட்டுக்கு ஒரே அர்த்தம்தான்: பசி அடங்கவில்லை. இமெல்டா மறுபடி நிறைத்துக் கொடுத்தாள். அதுவும் வெறுமையாக வந்தது. மறுநாள் இரட்டிப்பாக அவித்தாள். அதற்கடுத்த நாள், கார்டெரியில் பிள்ளைகளைப் பார்க்கும் வேலைக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு, அடுப்படியிலேயே நின்றாள். செம்மல் சளைக்கவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டு, ஊர் பார்க்க என்று தினமும் இரண்டு மணி நேரம் வெளியே போய்வந்தார்.

"பாவம், வீட்டில மனுசி ஒழுங்காச் சமைச்சுக் குடுக்கிறேல்லைப் போல," என்று இமெல்டா உருகினாள்.

ஞாயிறு காலை, பாத்ரூமில் தண்ணீர் இறங்க மறுத்து மேலே ஏறி நின்றது.

"அறுபது வருசத்துப் பில்டிங், வேற என்ன செய்யும்," என்றார் ஞானேந்திரன். "பிளம்பர் வாறானாம். நான் நிக்கிறன், நீர் போம்."

"உங்களுக்கு எரிச்சல். என்னை நாலு பேர் புகழுறதைக் கேக்க உங்களுக்குத் தாங்காது." இமெல்டா காஞ்சிபுரச் சேலையில், செம்மலோடு டாக்சி ஏறினாள்.

மண்டபம் நிரம்பியிருந்தது. முன்வரிசையில் பிரெஞ்சுப் பாதிரியார், ஒரு சொல்லும் விளங்காமல் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார். மூன்றாம் வரிசையில் றோசா.

"உணவுதான் உலகப் பொதுமொழி," என்று முழங்கினார் செம்மல். "இந்த ஊரில் எனக்கு ஒரு தமக்கை கிடைத்தாள். இமெல்டா அக்கா அவித்த பிட்டு என் உதிரத்தில் கலந்துவிட்டது. இனி என்னைக் கீறினால் இரத்தம் வராது, சிவப்பரிசி மாதான் கொட்டும். அக்கா, எழுந்து நில்லுங்கள். ஊர் உங்களைப் பார்க்கட்டும்."

கைதட்டல் கூரையைத் தொட்டது. இமெல்டா எழுந்து, சேலைத் தலைப்பைச் சரிசெய்து, முதலில் றோசாவைத்தான் பார்த்தாள். றோசாவும் வேறு வழியில்லாமல் தட்டினாள்.

கைப்பைக்குள் செல்போன் அதிர்ந்தது. ஞானேந்திரன்.

"எல்லாரும் எனக்குக் கை தட்டுகினம், கேக்குதே?" என்றாள் கண் கலங்க. "கெதியாச் சொல்லுங்கோ."

"இஞ்சேரும், பிளம்பர் குழாயைக் கழட்டிப்போட்டான். அஞ்சு நாள்ப் பிட்டும் அதுக்குள்ளதான் கிடக்கு."