தேய்க்காத தகடு

எட்டுத் துளை போட்ட எஃகுத் தகட்டைக் கம்பியில் மாட்டிக் கரைசலுக்குள் இறக்கினாள் ஷண்முகப்ரியா.

கரைசலில் இருப்பது கைட்டோசான். இறால் ஓட்டிலிருந்து எடுத்தது. மின்சாரம் பாய்ந்தால் தகட்டின் மேல் மெல்லிய தோலாகப் படியும். தோலுக்குள் மருந்தும் இருக்கும். உடைந்த எலும்பில் இப்படித் தோல் படிந்த தகட்டை வைத்து முடுக்கினால் உள்ளே சீழ் பிடிக்காது.

பிடிக்காது என்று நிரூபிக்கத்தான் அடையாறு ஆய்வகத்தில் இந்த வினிகர் நாற்றத்துக்குள் வருஷக்கணக்காக உட்கார்ந்திருக்கிறாள்.

அவள் அப்பா தனபாலனுக்குத் தொடையில் வைத்தது வெறும் தகடு. ரங்கநாதன் தெருவில், வேலை பார்த்த ஜவுளிக் கடையில், புடவைக் கட்டு எடுக்க ஏணியில் ஏறி விழுந்திருந்தார். எலும்பும் கூடவில்லை, சீழும் நிற்கவில்லை.

"ஒன் எறா தோலு எப்பம்மா ரெடியாவும்?" என்பார், ஒவ்வொரு முறை கட்டுப் பிரிக்கும்போதும். முதலில் கிண்டலாகத்தான் கேட்டார்.

தகட்டிலிருந்து குமிழ்கள் கிளம்பின. வோல்டேஜைக் குறைத்தாள். தோல் படிந்தது. வெளியே எடுத்ததும் ஓரத்தில் உரிந்துகொண்டு வந்தது.

மறுபடி இறக்கினாள். மறுபடியும் உரிந்தது. அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

பக்கத்து மேசை ஸஹானா எட்டிப் பார்த்தாள். ஷண்முகப்ரியா நீண்ட லீவில் இருந்தபோது ஆய்வகத்தில் சேர்ந்தவள்.

"அக்கா, எமரி பேப்பர் போட்டுத் தேய்க்கலியா? கறுப்பு அப்படியே இருக்கே, எப்படி ஒட்டும்?"

தேய்க்காத தகட்டில் எதுவும் ஒட்டாது. புதிதாக வருகிறவர்களுக்கு ஷண்முகப்ரியா சொல்லித்தரும் முதல் பாடமே அதுதான். தேய்க்க மறந்தவர்களை அவள் சும்மா விட்டதில்லை.

ஸஹானா எமரித் தாளை நீட்டினாள். ஷண்முகப்ரியா வாங்கவில்லை. தகட்டை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள்.

சீழ் ரத்தத்தில் ஏறிவிட்டது என்று டாக்டர் சொன்னது போன மாதம். மயானத்தில் சாம்பல் பானையோடு இந்தத் தகட்டையும் தனியாகக் கொடுத்தார்கள். சாம்பலைத் தம்பி பெசன்ட் நகர் கடலில் கரைத்தான். இதை எங்கேயாவது போட்டுவிடு என்றான்.

அப்பாவில் மிச்சம் இருந்தது தீயில் படிந்த அந்தக் கறுப்பு மட்டும்தான்.

தேய்க்காமலே மறுபடி கரைசலுக்குள் இறக்கினாள்.