கோப்பையில் விழுந்த சிவப்பு

பக்கத்தில் இருக்கும் பொருளின் நிறம் வெள்ளையில் படியும் என்பது ஓவியர் ஆர்லோவுக்குப் பழகிப்போன பாடம். ஜன்னலுக்கு வெளியே மெய்ன் மாநிலத்துப் பனி நீலம் பூத்துக் கிடந்தது. மேசைமேல் இருந்த வெள்ளைக் கோப்பையைப் பார்த்துப் பார்த்து, அதன் நிழல் பக்கத்தில் லேசாகச் சிவப்பைத் தீற்றினார்.

சூப் கொண்டுவந்த பக்கத்து வீட்டு டார்லீன் எட்டிப் பார்த்தாள். "மொதல்ல கண்ணாடிய மாத்து, ஆர்லோ. இங்க செவப்பா என்ன இருக்கு? மேவிஸ் போய்ச் சேந்ததும் அவ செவப்பு ஸ்வெட்டரக்கூட சர்ச்சுக்குக் குடுத்துட்டியே."

"கண்ணுல படுறதத்தான வரைய முடியும்?"

அவள் போனபின், மனைவி மேவிஸின் காலி நாற்காலிக்கு எதிரே இருந்த கோப்பையைத் தள்ளி வைத்தார். கோப்பையில் சிவப்பு போய், பனியின் நீலம் மட்டும் மிஞ்சியது.

அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அவருடைய வெள்ளைச் சட்டைக் கை, நாற்காலிப் பக்கத்துத் தோளிலிருந்து மெல்லச் சிவந்தது.

அவர் அசையவில்லை.