தஞ்சோங் கிளிங் சாட்சி

பிச்சைமுத்து நீதிமன்றக் கூண்டில் நின்றார்.

மொழிபெயர்ப்பாளர் குற்றச்சாட்டைத் தமிழில் வாசித்தார். நியாலாஸ் பக்கத்துத் தோட்டத்தில், ஞாயிற்றுக்கிழமை மாலை, எண்ணெய் ஆட்டும் செம்பனைக் குலைகளைத் திருடி வேனில் ஏற்றியது. ஒப்புக்கொள்கிறாரா, விசாரணை கேட்கிறாரா?

அவர் திருடவில்லை. காவலாளி மழையில் யாரையோ பார்த்துவிட்டு, அதே தோட்டத்தில் டிராக்டர் ஓட்டும் இவரைக் கைகாட்டிவிட்டான்.

இலவச சட்ட உதவியில் வந்த வக்கீல் பெண் லக்ஷனா கூண்டருகே வந்து குனிந்தாள்.

“அங்கிள், பயப்படாதீங்கலா. ட்ரயல் கேளுங்க. அன்னைக்கு நீங்க தஞ்சோங் கிளிங்ல அந்த அக்கா வீட்லதான் இருந்தீங்கன்னு அவங்களே வந்து சொல்றேன்னுட்டாங்க.”

கிசுகிசுப்பதாக அவளுக்கு நினைப்பு. பின்வரிசையில் இருந்த மனைவி ராஜம்மாவின் முகம் செத்துப்போனது.

பிச்சைமுத்து லாக்கப்பில் பயந்துபோய் இந்தப் பெண்ணிடம் வாயை விட்டிருக்கக் கூடாது. யாரென்று மட்டும் வெளியே சொல்லாதே என்று கெஞ்சி வைத்திருந்தார். நல்லவேளை, அதையாவது காப்பாற்றினாள்.

விசாரணை என்றால் தஞ்சோங் கிளிங்கிலிருந்து அவள் வருவாள். ராஜம்மா பார்க்கச் சாட்சி சொல்வாள். ஞாயிறு தவறாமல் வருவார், வரும்போது கிளேபாங்கில் நண்டு வாங்கி வருவார் என்று எல்லாவற்றையும் கொட்டிவிடுவாள். பொய் சொல்லத் தெரியாதவள்.

ஒப்புக்கொண்டால் ஜெயில். வேலை போகும். ஒரு பழத்தைக்கூடத் தோட்டத்திலிருந்து வீட்டுக்கு எடுத்து வராத மனிதரை ஊர் திருடன் என்னும்.

மாஜிஸ்திரேட் நிமிர்ந்து பார்த்தார்.

“ஒத்துக்கிறேன் துவான்.”

லக்ஷனா தலையில் கைவைத்துக்கொண்டாள். மூன்று மாதம் சிறை என்றார்கள்.

விலங்கு மாட்டி அழைத்துப்போகையில் ராஜம்மா வாசலில் மறித்தாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

“ஏங்க, யாரு அந்தப் பொம்பள?”

பிச்சைமுத்து விலங்கைப் பார்த்தபடி அவளைத் தாண்டி நடந்தார். அப்படியே நினைத்துக்கொள்ளட்டும். எவளோ ஒருத்தி என்று வயிறெரிந்து சபிக்கட்டும். அதைத் தாங்கிவிடலாம்.

ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொண்ட மகள் அனுசியாவை அவர் தலைமுழுகி இரண்டு வருடமாகிறது. அவளோடு ஒரே ஒருமுறை பேசியதற்காக ராஜம்மாவின் கைபேசியைச் சுவரில் அடித்து உடைத்தவர் அவர்தான். செத்தாலும் அவள் வாசலை மிதிக்கக்கூடாது என்று சாமி படத்தின் முன்னால் சத்தியம் வாங்கியவரும் அவர்தான்.

தஞ்சோங் கிளிங்கில் பேரனுக்கு இப்போது பல் முளைத்திருக்கிறது. பேரன் என்று ஒருவன் பிறந்ததே ராஜம்மாவுக்குத் தெரியாது.