முதல்வர் உரை தீர்ந்துபோன மர்மம்

நாகிசாவுக்கு மண்டை காய்ந்தது. பள்ளி உணவக ரொட்டி வரவரச் சிறுத்துப்போவதைப் தான் நடத்தும் மாணவர் பத்திரிகையில் அம்பலப்படுத்தினாள். வாசலில் அடுக்கிவைத்த பிரதிகளை ஒருவரும் தொடவில்லை. அடுத்த இதழில் பள்ளி முதல்வரின் உரையை முழுசாகப் போட்டாள். மத்தியானத்துக்குள் அத்தனையும் காலி!

இன்றைய இதழ் மிஞ்சினால், பத்திரிகைக் குழுவின் அறை பேண்டு வாத்தியக் குழுவுக்குப் போய்விடும்.

"இன்னொரு உரையைப் போட்டிருக்கலாம்க்கா," என்றான் துணையாசிரியன் தெப்பெய்.

"போன மாசம் அதையும் போட்டோமே! அத்தனையும் வாசல் வெயில்ல காய்ஞ்சு மஞ்சளாச்சு."

வாசகனைக் கையும் களவுமாகப் பிடிக்க, இருவரும் வாசலில் மாணவர்கள் ஷூ மாற்றும் காலணி அலமாரிக்குப் பின்னால் ஒளிந்தார்கள். கால்பந்துக் குழுத் தலைவன் கெந்தா வந்து ஒரு கட்டுப் பிரதிகளையே அள்ளினான்.

நாகிசா பாய்ந்து வந்தாள். "சொல்லு கெந்தா! இதுல உனக்கு என்ன பிடிச்சிருக்கு?"

"பேப்பர்தான்! தண்ணிய நல்லா உறிஞ்சுது. முதல்வர் உரை தீர்ந்த அன்னைக்கும் இப்படித்தான் மழை."

அவன் கையில் சொட்டச் சொட்ட நனைந்த ஷூ. வெளியே அடைமழை. ஒரு பிரதியைக் கசக்கி ஷூவுக்குள் திணித்தான்.

தெப்பெய்க்கு முகம் செத்துவிட்டது. நாகிசாவோ கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"சாயங்காலம் வெளிய எடுக்கும்போது படிப்பியாடா?"

"கசங்கினதைப் பிரிச்சுப் பாக்காம இருக்க முடியுமா? ஆனா பாதிதான் இருக்கும். மீதி அடுத்த ஷூல."

அதன்பின் வானிலை அறிக்கையைப் பார்த்து, மழை நாளில் மட்டுமே இதழ் வந்தது. இரண்டே தாள்கள்: இடது ஷூவுக்குப் புதிர், வலது ஷூவுக்கு விடை.